நாலு பேர் கூடிப் படம் பார்க்கப் போறீங்களா?

தங்கச்சி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரூம்மேட்டுகளும் ஆபீஸ் தோழிகளும் சேர்ந்து ஒரு படம் பார்த்துட்டுப் பேசப்போறோம்னு சொன்னே. சந்தோஷம். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உனக்கு உயிரான படத்தை முதல் வாரமே போடாதே. போட்டா நீ திரையைப் பார்க்க மாட்டே, அவங்க மூஞ்சியைத்தான் பார்ப்பே. உனக்குக் கண் கலங்குற இடத்துல ஒருத்தி மிக்சரைத் துழாவிக்கிட்டு இருப்பா. அப்புறம் ஒரு வாரம் அவகூட நீ சரியாப் பேச மாட்டே. எல்லாருக்கும் பேச்சு பழகட்டும், உன் படம் எங்கேயும் ஓடிப் போகாது.

முதல் வாரத்துக்கு நான் சொல்றது ‘அந்த நாள்’. 1954-ல ஏவி.எம். எடுத்தது, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம். பாட்டே கிடையாது. ஆரம்பிச்ச உடனே சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போவார். ரெண்டாம் உலகப் போர் சமயத்துச் சென்னை, ஜப்பான்காரன் குண்டு போடுற பயம். துப்பறிய வர்ற ஜாவர் சீதாராமன் ஒவ்வொருத்தரா விசாரிக்க விசாரிக்க, செத்துப்போன சிவாஜி ஒவ்வொருத்தர் வாயிலயும் வேற வேற ஆளா வருவார். நான் பொதுவா படத்தைப் பாதியில நிறுத்தக் கூடாதுங்கற கட்சி. இந்தப் படத்துக்கு மட்டும் விலக்கு. நடுவுல ஒருதரம் நிறுத்தி, சுட்டது யாருன்னு ஆளுக்கொரு துண்டுச்சீட்டுல எழுதி மடிச்சுக் கொடுக்கச் சொல்லு. கூட்டத்துல வாயே திறக்காதவகூட சீட்டுல எழுதிடுவா. படம் முடிஞ்சு சீட்டைப் பிரிச்சாப் போதும், “அவரை ஏன் சந்தேகப்பட்டே?”ன்னு பேச்சு தானா கிளம்பிடும். இது எடுபட்டா அடுத்ததா ‘விருமாண்டி’யைப் போடலாம். 2004-ல கமல் எடுத்தது. ஒரே சம்பவத்தை ஜெயில்ல இருக்கற ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்ற கதை. ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, பயந்த சுபாவம் உள்ளவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடு.

படம் முடிஞ்சதும் “எப்படி இருந்துச்சு?”ன்னு மட்டும் கேட்டுடாதே. “நல்லா இருந்துச்சு”, “கொஞ்சம் ஸ்லோ” அப்படின்னு ரெண்டு பதில் வரும், பேச்சு அதோட படுத்துடும். “எந்த இடத்துல உனக்கு எரிச்சல் வந்துச்சு?”ன்னு கேளு. எரிச்சலைச் சொல்ல யாரும் யோசிக்க மாட்டாங்க. இல்லேன்னா படத்துல இருந்தே ஒரு வழக்கை எடுத்து நடுவுல வை. ‘முள்ளும் மலரும்’ பார்த்தா, வின்ச் ஓட்டுற காளி தங்கச்சி வள்ளி மேல வெச்சிருக்கறது பாசமா, பிடிவாதமா? ரஜினியையும் மகேந்திரனையும் பாராட்டிட்டு எழுந்துபோக நினைச்சவங்ககூட இதுக்கு மறுபடி உட்காருவாங்க. கூடப்பிறந்தவங்க இருக்கற எல்லாருக்கும் இதுல ஒரு சொந்தக் கணக்கு இருக்கும். (என் கட்சி என்னன்னு உனக்கே தெரியும். உன் கல்யாணப் பேச்சு வரும்போது பார்த்துக்கலாம்.)

நாவல், சிறுகதையில இருந்து வந்த படம்னா, மூலத்தைப் படிச்சவ ஒருத்தி கட்டாயம் இருப்பா. ‘உதிரிப்பூக்கள்’ ஓடும்போதே “புதுமைப்பித்தனோட ‘சிற்றன்னை’யில இப்படி இல்லையே”ன்னு ஆரம்பிப்பா. அவளை முடியற வரைக்கும் காத்திருக்கச் சொல்லு, ஆனா வாயை மொத்தமா அடைச்சுடாதே. மகேந்திரன் அந்தக் கதையில எதை எடுத்தார், எதை விட்டார்னு அவ சொன்னா எல்லாருக்கும் லாபம்தான்.

இன்னொரு யோசனை, இதை அதிகம் பேர் செய்யறதில்லை. படத்துல வர்ற வேலை தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிடு. பாலு மகேந்திராவோட ‘வீடு’ (1988) போடறதா இருந்தா, நிஜமா வீடு கட்டி முடிச்ச ஒரு அக்காவையோ மாமாவையோ கூட்டிக்கிட்டு வா. சிமென்ட் மூட்டை காணாமப் போறதும், கான்ட்ராக்டர்கிட்ட அர்ச்சனா மல்லுக்கட்டறதும், ஆபீஸ் ஆபீஸா கையெழுத்துக்கு அலையறதும் நமக்கு வெறும் கதை. அவங்களுக்கு அது நேத்து நடந்த விஷயம். சொக்கலிங்க பாகவதர் தாத்தாவா நடிச்சதைப் பத்தி அவங்க சொல்றது எந்த விமர்சனத்துலயும் கிடைக்காது. ஆனா இந்தப் படத்தை முதல் நாளே பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துடு. நெகட்டிவே இல்லாமப் போச்சுன்னு பாலு மகேந்திராவே வருத்தப்பட்ட படம் இது. மங்கலான பிரதி மாட்டினா புதுசா வந்தவங்க தூங்கிடுவாங்க, பழி படத்து மேல விழும்.

வயசானவங்க ஒருத்தராவது இருந்தா நல்லது. ‘அன்பே சிவம்’ இன்னைக்கு எல்லாரும் உருகுற படம். 2003 பொங்கலுக்கு வந்தப்ப தியேட்டர்ல ஓடலை, அப்புறம் டிவியில பார்த்துப் பார்த்துத்தான் ஜனங்களுக்குப் பிடிச்சது. அந்தப் பொங்கலுக்கு வேற படத்துக்குப் போனவங்க யாராவது இருந்தா, ஏன் போகலைன்னு கேளு. வெக்கப்படாம சொல்லுவாங்க, சுவாரசியமா இருக்கும்.

இனி கஷ்டமான விஷயம். நீ உசத்தியா நினைக்கிற படத்தை ஒருத்தி “மொக்கை”ன்னு சொல்லுவா. உடனே வக்கீல் கோட்டை மாட்டிக்காதே. “எங்க சலிச்சுது?”ன்னு கேட்டுட்டுச் சும்மா இரு. ‘அவள் அப்படித்தான்’ போட்டா இது நிச்சயம் நடக்கும். கலர் வந்தப்புறமும் 1978-ல ருத்ரய்யா கறுப்பு வெள்ளையில எடுத்தது, ஸ்ரீப்ரியா நடிச்ச மஞ்சுவைச் சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. “எதுக்கு இவ இப்படிக் கடிச்சுக் குதர்றா?”ன்னு கேப்பாங்க. கேக்கட்டும். பதிலைக் கூட்டத்துல இன்னொருத்தி சொல்லுவா, நீ சொல்றதைவிட நல்லாவே சொல்லுவா. ஆனா ரஜினியா கமலா, விஜய்யா அஜித்தாங்கற பக்கம் பேச்சு திரும்பினா, எழுந்து போய் டீ போட ஆரம்பிச்சுடு. அதுல யாரும் யாரையும் ஜெயிச்சதா சரித்திரம் இல்லை.

“இப்ப பாரு, இப்ப பாரு”ன்னு முன்கூட்டியே முழங்கையால இடிக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கு. டிவி பெட்டிக்கு நேரா இருக்கற நாற்காலியை வந்தவங்களுக்குக் குடு, நீ ஓரமா உட்காரு. பழைய படத்துல சத்தம் கம்மியா இருக்கும், ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வெச்சா வசனம் கேக்கும். தமிழ் புரியாத தோழி இருந்தா சப்டைட்டில் இருக்கற பிரதியாத் தேடு. பக்கத்துல உட்கார்ந்து ஒருத்தி மொழிபெயர்த்துக்கிட்டே இருந்தா மத்தவங்களுக்குப் படமே போச்சு.

வாட்ஸ்அப் குரூப்புல “சாகறதுக்குள்ள பார்க்க வேண்டிய ஐம்பது படம்”னு பட்டியல் போடறதை விட்டுடு. ஒருத்தரும் ஒண்ணுகூடப் பார்க்க மாட்டாங்க. டெலிகிராம்ல திருட்டு லிங்க் அனுப்பறதும் வேண்டாம். வாரத்துக்கு ஒரே ஒரு படம் சொல்லு. அது எங்க முறையாக் கிடைக்குது, எவ்வளவு நேரம் ஓடும், குழந்தைகளோட பார்க்கலாமா, இந்த மூணையும் எழுதி அனுப்பு. முடிவை மட்டும் யார் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே.