பனிமலையில் பூத்தல்

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு டிகிரி செல்சியஸ் குறையும். இமயத்தில் மரங்களின் எல்லையைக் கடந்தபின், பனி உருகுவதற்கும் மீண்டும் மூடுவதற்கும் இடைப்பட்ட காலம் சில மாதங்களே. அதற்குள் செடி தழைக்கவும் பூக்கவும் விதைக்கவும் வேண்டும். இவற்றுள் விதையை முதிரச் செய்வதே அரிய செயல். மேலே செல்லச் செல்லத் தேனீக்கள் அருகுகின்றன. குளிரும் மழையும் புறஊதாக் கதிர்களும் மகரந்தத்தைச் சிதைக்கின்றன.

இவ்விடரை எதிர்கொள்ளும் வழி செடிக்குச் செடி வேறுபடுகிறது. சிக்கிம் உள்ளிட்ட கிழக்கு இமயத்தில், 4000 மீட்டருக்கு மேல் வளரும் ரீயம் நோபில் பூவுக்கு ஒரு வீடே கட்டிவிடுகிறது. தரையோடு படிந்த செடிகளின் நடுவே ஆளுயரத்திற்கு எழும் அதன் தண்டை, வெளிர்மஞ்சள் நிறப் பூவடிச்செதில்கள் கூரை ஓடுகள்போல் மூடியுள்ளன. ஒளி ஊடுருவும் இச்செதில்கள் புறஊதாக் கதிர்களைத் தடுக்கின்றன. வெயில் நாளில் உள்ளிருக்கும் பூக்களைக் கதகதப்பாக வைக்கின்றன. கொசுவை ஒத்த சிறு பூச்சிகள் உள்ளே புகுந்து மகரந்தச்சேர்க்கை நிகழ்த்துகின்றன. அவை அங்கேயே முட்டையிட, புழுக்கள் விதைகளுள் சிலவற்றை உண்கின்றன. வாடகை என்றே கொள்ளலாம்! பல ஆண்டுகள் சேர்த்த உணவையெல்லாம் ஒரே பூப்பில் செலவிட்டு, விதைத்தபின் செடி மடிகிறது.

ஆல்ப்ஸ், இமயம், ஆர்க்டிக் எனப் பரந்து வாழும் பிஸ்டார்ட்டா விவிபாரா என்னும் சிறுசெடியோ பூவை அவ்வளவாக நம்புவதில்லை. அதன் மஞ்சரியின் நுனியில் வெண்பூக்களும், அடியில் குமிழ்மொட்டுகளும் உள்ளன. குமிழ்மொட்டு என்பது விதையன்று. மகரந்தம் இன்றியே தாய்ச்செடியில் உருவாகும் சேய். சில, தாயின்மீது இருக்கும்போதே இலைவிட்டு, பின் மண்ணில் விழுந்து வேரூன்றும். உயரம் கூடக்கூடப் பொதுவாகப் பூக்கள் குறைந்து குமிழ்மொட்டுகள் பெருகுகின்றன.

இவ்வழி எளிது, ஆயினும் சேய்கள் அனைத்தும் தாயின் அதே மரபமைப்பைக் கொண்டவை. ஒரு நோயோ தட்பவெப்ப மாற்றமோ தாயைத் தாக்கினால் சேய்க்கும் அதே நிலைதான். அதனாலோ என்னவோ, விதை மிக அரிதாகவே விளைந்தாலும் இச்செடி நுனிப்பூக்களை முற்றிலும் கைவிடவில்லை. ஒரே சரிவில் வாழும் செடிகளிடையே காணப்படும் மரபு வேறுபாடு, எப்போதோ முளைத்த சில விதைகளைச் சுட்டுகிறது.

மலைகள் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் அவ்வேறுபாட்டின் மதிப்பு கூடியுள்ளது. ஆனால் இச்செடி விரைந்து மாறக்கூடியதன்று. மண்ணுக்குள் அரும்பும் மஞ்சரி முழு வளர்ச்சி பெற நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இவ்வாண்டு பனி முன்னதாகவே உருகினாலும், இன்று விரியும் மஞ்சரி பழைய கோடைகளில் தொடங்கியதே.