விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்

மக்தபில் ஹஜ்ரத் பாடம் எடுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே பாயில் பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு பிள்ளை காயிதாவில் இருக்கும். இன்னொன்று குர்ஆனைப் பார்த்து ஓதும். நேற்றைய பாடத்தைச் சரியாக ஒப்பிக்காத பிள்ளைக்கு இன்று அடுத்த பாடம் கிடையாது. வயது எதுவானாலும் விட்ட இடத்திலிருந்துதான் தொடக்கம்.

பள்ளிக்கூடத்தில் இது எளிதில் நடப்பதில்லை. எட்டாம் வகுப்பு ஆசிரியர் எட்டாம் வகுப்புப் பாடத்தை முடித்தாக வேண்டும். வகுத்தல் தெரியாத பிள்ளையும் அங்கே இயற்கணிதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்.

கொரோனா காலம் இந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்கியது. 2020 மார்ச்சில் முதல் வகுப்பில் இருந்த பிள்ளை, 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் காலமே இடையில் போய்விட்டது. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டது தெரிந்தது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளால் வந்தது. ஆகவே, இழந்த பாடத்தை மீட்க முடியும். ஆனால் அதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் பள்ளிக் கணினி அறை உதவும். குஜராத் அரசு 2000-ல் வடோதரா மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு நான்கு நான்கு கணினிகள் கொடுத்தது. 2002-ல் பார்த்தபோது மிகச் சில கணினிகளே பிள்ளைகளின் கைக்குப் போயிருந்தன. பிறகு 'பிரதம்' தொண்டு நிறுவனம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை, ஒரு கணினிக்கு இருவராக, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டில் உட்கார வைத்தது. கணக்கு மதிப்பெண் நன்றாகவே உயர்ந்தது.

டெல்லியில் 2015-ல் நடந்த ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். பள்ளி நேரம் போக, தினமும் 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியர். கணினி ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் சோதித்து, அங்கிருந்தே கேள்வி கொடுத்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மக்தபில் ஹஜ்ரத் செய்வதும் இதைத்தானே!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குஜராத்தில் இன்னொரு திட்டத்தில், ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் பின்தங்கினார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கொடுத்தபோது முன்னேறினார்கள். ஆசிரியரின் இடத்தைக் கணினி பிடிக்கக் கூடாது. அவருக்குத் துணையாக இருக்க வேண்டும்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிக் குடும்பங்கள் என்ன செய்யலாம்?

முதலில், இன்றே வீட்டில் சோதியுங்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வகுத்தல் கணக்கு கொடுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பள்ளியில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அரசு, உதவிபெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி விட்டதும் வாரம் இரண்டு நாள் கணினி அறையைத் திறந்து வைக்கும்படி அந்தக் கூட்டத்தில் கேட்கலாம். பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வெளியிட்ட 'மணற்கேணி' செயலியில் பாடங்கள் காணொளிகளாக இருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்புப் பாடத்தைத் திறந்து பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

மூன்றாவது, ஆள் வேண்டும். நம் மஹல்லாவில் பட்டம் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முன்வரட்டும். மக்தப் நேரத்தோடு மோதாமலும், பெண் பிள்ளைகள் மஃரிபுக்கு முன் வீடு திரும்பும்படியும் நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

"இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று பத்தாம் வகுப்போடு பிள்ளையைக் கடை வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். பெண் பிள்ளை என்றால் வீட்டோடு நிறுத்திவிடுகிறோம். படிப்பு ஏறவில்லையா, அல்லது நடுவில் இரண்டு படிகள் இல்லாமல் போய்விட்டனவா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுவோம். விட்டுப்போன படியைக் கட்டிக் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், பிள்ளை தானே ஏறும்.