பொறியின் மேல் போட்ட பழி

நண்பர்களே, சென்ற ஆண்டு நான் எங்கள் ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு பழி சுமத்தினேன். வெப்பமானிகள் நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்த அளவுகள், இரண்டு கோடி வரிகளாக, போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் இருந்தன. ஒரு நிலையத்தின் ஒருநாள் அளவைக் கேட்டால் விடை வர அரை நிமிடம். நூறு நாள்களுக்குக் கேட்டால் ஐம்பது நிமிடம். "பொறி பழையது, புதிது வேண்டும்" என்று பேராசிரியரிடம் விண்ணப்பம் நீட்டினேன். "எதனால் தாமதம் என்று பார்த்தாயா?" என்றார் அவர். நான் பார்க்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

புறநானூற்றில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. நானூறு பாட்டையும் படிப்பது ஒன்று. சொல்லடைவைப் புரட்டுவது மற்றொன்று. வ. அய். சுப்பிரமணியம் அவர்கள் ஆக்கிய புறநானூற்றுச் சொல்லடைவை 1962-இல் இத்திருவனந்தபுரத்திலேயே கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தரவுத்தளத்துக்கும் அத்தகைய அடைவு உண்டு. அதனை 'இண்டெக்ஸ்' என்பர்.

அதன் ஆற்றலைப் பாருங்கள். 1970-இல் பேயர், மக்கிரெய்ட் என்னும் இருவர் வகுத்த 'பி-மரம்' என்ற அமைப்பே இன்றும் பெருவழக்கு. ஒரு பக்கத்தில் 200 குறிப்புகள் எனக் கொண்டால், மூன்று படிகளில் 80 லட்சம் வரிகளை எட்டலாம். நான்கு படிகளில் 160 கோடி. என் இரண்டு கோடியும் நான்கு படிகளுக்குள் அடங்கும்.

அப்படியானால் எனக்கு ஏன் தாமதம்? அதே 1970-இல் ஐ.பி.எம். அறிஞர் காட் வெளியிட்ட கொள்கைப்படி, எது வேண்டும் என்று மட்டும் நாம் சொல்கிறோம். எவ்வழியில் தேடுவது என்பதைப் பொறியே முடிவு செய்கிறது. அவ்வழியைக் காட்டும்படி நாம் கேட்கலாம். கேள்விக்கு முன்னால் 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' என்று எழுதினால் போதும். சென்ற வழி, எதிர்பார்த்த வரிகள், உண்மையில் வந்த வரிகள், ஆன நேரம் ஆகிய யாவும் வெளிப்படும்.

எழுதிப் பார்த்தேன். நிலையம், நேரம் என்ற வரிசையில் அடைவு இருந்தது. ஆனால் நேரத்தைத் தேட அது உதவவில்லை. குற்றம் என் கேள்வியில்! "நேரத்திலிருந்து நாளைப் பிரித்தெடுத்து, அது இன்ன நாளா என்று பார்" என எழுதியிருந்தேன். அடைவோ முழு நேரத்தின் வரிசையில் அமைந்தது. பிரித்தெடுத்த நாள் அதில் இல்லை. "இந்த நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவுக்கு முன்வரை" என்று மாற்றினேன். நூறு கேள்விகளும் ஒரு நொடிக்குள் முடிந்தன.

அடைவே எல்லாவற்றுக்கும் மருந்தன்று. புதுவரி சேரும்போதெல்லாம் ஒவ்வோர் அடைவையும் திருத்த வேண்டும். ஆகவே அடைவுகள் மிகுந்தால் எழுதும் வேலை தளரும். பெரும்பகுதி வரிகள் தேவையெனில் முழுவதும் படிப்பதே நன்று. எதிர்பார்த்த எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும் மிகவும் வேறுபட்டால், பொறியின் கணக்குக் குறிப்புகள் பழையவையாக இருக்கக்கூடும். 'அனலைஸ்' என்னும் கட்டளையால் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நண்பர்களே, முதலில் அளந்து பாருங்கள். பழி சொல்வது பிறகு ஆகட்டும்.