அம்மாவின் கிளினிக் கொப்பி

இடம்பெயரும்போது காணி உறுதியை மடியில் கட்டுகிறோம். அம்மாவின் கிளினிக் கொப்பி தலையணைக்கடியில் கிடந்துவிடுகிறது. முகாமில் வைத்தியர் கேட்டால், "வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று" என்கிறோம். பிறஷருக்கும் வெள்ளைதான், சீனி வருத்தத்துக்கும் வெள்ளைதான்.

2005இல் கத்ரீனா சூறாவளியால் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது வைத்தியசாலைகளின் கடதாசிக் கோவைகள் நீரில் ஊறிப்போயின. ஆனால் முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலையின் பதிவுகள் கணினியில் இருந்தன. அவற்றின் பிரதிகள் ஹியூஸ்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. சில நாட்களில், வெளியூர்களில் தஞ்சமடைந்த முதியோரின் மருந்து விபரங்களை அங்குள்ள வைத்தியர்கள் வாசிக்க முடிந்தது.

நம்மிடம் பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசி உண்டு. கொப்பியின் கடைசிப் பக்கங்களையும் குளிசை உறைகளையும் படமெடுத்து, வேறூரிலுள்ள உறவினருக்கும் அனுப்பிவைப்போம். ஒவ்வாத மருந்தின் பெயரையும் சேர்ப்போம். கிளினிக்கில் மருந்தை மாற்றினால் அன்றே புதுப்படம் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பழைய அளவிலேயே மருந்து கொடுத்துவிடுவார்கள்.