கரித்துகளின் ஒளி

கரி ஒளியை விழுங்கும் இயல்புடையது. ஆயினும், பத்து நானோமீட்டருக்கும் சிறிய கார்பன் துகள்கள் சில, புற ஊதாக் கதிர் படுங்கால் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிர்கின்றன. 2004ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், மின்வில்லில் உண்டான புகைக்கரியிலிருந்து கார்பன் நுண்குழாய்களைத் தூய்மை செய்கையில், இவற்றைத் தற்செயலாகக் கண்டனர்.

இவற்றின் சிறப்பு யாது? ஒளிரும் நுண்துகள்கள் பலவற்றில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் உண்டு; இவற்றில் அஃதில்லை. எனினும், பொருள் மட்டுமன்றிச் செய்முறையும் தூயதாதல் வேண்டும். அன்று அப்புகைக்கரியை நைட்ரிக் அமிலத்தால் பக்குவப்படுத்த நேர்ந்தது.

பிளாஸ்மா முறையில் அவ்வமிலம் வேண்டுவதில்லை. சிட்ரிக் அமிலமும் எதிலீன் டையமீனும் கலந்த நீர்க்கரைசலின்மீது, நுண்குழல் வழியே வரும் வாயுவில் மின்னிறக்கம் நிகழ்த்தப்படுகிறது. வாயு அயனிகளாகவும் எலெக்ட்ரான்களாகவும் பிரிகிறது. எலெக்ட்ரான்கள் பேராற்றல் பெறினும் வாயு மிகுதியாகச் சூடேறுவதில்லை. இவற்றால் கரைசலில் தூண்டப்படும் வினைகளில் மூலக்கூறுகள் பிணைந்து, கார்பன் துகள்களாகத் திரள்கின்றன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். இக்கரைசலில் ஒளிரும் சிறு மூலக்கூறுகளும் தோன்றுதல் கூடும். ஆதலின், சவ்வின் வழியே அவற்றைப் பிரித்த பின்னரே ஒளி துகளினுடையது எனத் துணிதல் தகும். அவ்வாறே, செலவாகும் மின்சாரத்தையும் கணக்கிட்ட பின்னரே இம்முறை சூழலுக்கு உகந்தது எனல் பொருந்தும்.