செயலியின் சூட்டை எந்த வழியில் பார்ப்பது?

புராஜெக்ட்டுக்காக என்னிடம் வந்த மாணவன் ஒருவன், லேப்டாப் கொதிக்கிறது என்றான். எத்தனை டிகிரி என்று கேட்டதும் திரையைத் திருப்பினான். பிராமிதியஸ், கிராஃபானா என்ற கண்காணிப்புக் கருவிகளையெல்லாம் போட்டு, கறுப்புத் திரையில் ஆறு கிராஃப்கள். நண்பர்கள் எல்லோரும் அதைத்தான் போட்டிருக்கிறார்களாம். கம்பெனிகளில் கேட்பார்கள், அதையே படி என்று அப்பாவும் சொன்னாராம். வெப்பநிலை 27.8 என்று காட்டியது. ஒரு மணி நேரமாக அந்த எண் அசையவே இல்லை.

லினக்ஸ் டெர்மினலில் பெரும்பாலோருக்கு எல்எம்-சென்சார்ஸ் போதும். நிறுவியதும் ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ ஒருமுறை ஓட்டுங்கள். கேள்விகளுக்கு என்டர் தட்டினால் போதும். பிறகு ‘சென்சார்ஸ்’ என்று அடித்தால் இன்டெலுக்கு ‘கோர்டெம்ப்’, ஏஎம்டிக்கு ‘கே10டெம்ப்’ என்ற தலைப்பின் கீழ் எண் வரும். முன்னால் ‘வாட்ச்’ சேர்த்தால் 2 நொடிக்கொருமுறை புதுப்பிக்கும். ராஸ்பெர்ரி பைக்கு அதற்கென்றே தனிக் கட்டளை உண்டு. பை 80 டிகிரியைத் தாண்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கிராஃபானா நூறு சர்வர்களைக் கவனிப்பவருக்கு உரியது. ஒரே ஒரு லேப்டாப்பின் சூட்டைப் பார்க்க மூன்று சேவைகளை இரவு பகலாக ஓடவிடுவது வீண். அதற்கு எண்ணை எடுத்துக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டரும் கெர்னல் ‘சிஸ்’ அடைவில் வைக்கும் சின்னஞ்சிறு கோப்புகளைத்தான் படிக்கிறது. அவற்றில் சூட்டுக்குரிய கோப்பை நேராக ‘கேட்’ போட்டுப் படிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. 47000 என்று வந்தால் 47 டிகிரி. பக்கத்திலேயே ‘டைப்’ என்ற கோப்பு, அது எதனுடைய சூடு என்று சொல்லும்.

ஒரு சிறு அலுவலகத்தின் சர்வர் மே மாத இரவொன்றில் தானாக அணைந்தது. டாஷ்போர்டும் அதே சர்வரில் ஓடியதால் கூடவே போயிற்று. நிமிடத்துக்கொருமுறை அந்தக் கோப்பைப் படித்து வட்டில் எழுதிவந்த என் நான்கு வரி ஸ்கிரிப்ட்டில் மட்டும் கடைசி எண் 98000 என்று இருந்தது. திறந்து பார்த்தோம், விசிறி முழுக்கத் தூசி.

எண் கிடைத்தாலும் அதன் பொருள் தெரிய வேண்டும். ரைசன் 1800எக்ஸ் செயலி காட்டும் ‘டிசிடிஎல்’ என்ற எண் உண்மைச் சூட்டைவிட 20 டிகிரி கூடுதல். இதையெல்லாம் தேடிப் படிக்க ஆர்வம் இருக்கிறதா, கம்பைல் ஓடும்போது பத்து நிமிடம் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். அப்பா சொன்னார், நண்பன் போட்டான் என்று கருவியைப் பிடிக்காதீர்கள்.

அந்த மாணவனை ‘டைப்’ கோப்பைத் திறக்கச் சொன்னேன். ‘ஏசிபிஐடிஇசட்’ என்றிருந்தது. அவன் ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது பயாஸ் தந்த எண். செயலியின் சூடு 91.