பன்னீர்க்குடம் உடைந்தால்: பன்வில தோட்டங்களில் பணியேற்கும் இளம் மருத்துவமாதுக்கு

பன்னீர்க்குடம் உடைந்த கர்ப்பிணி வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டிய நேரம், அது உடைந்த நேரமே. வலி தொடங்கும் நேரம் அல்ல. பன்வில பிரதேசத்துத் தோட்டங்களில் புதிதாகப் பொறுப்பேற்கும் மருத்துவமாது முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஏனென்றால் லயங்களில் அடிக்கடி காதில் விழப்போகும் பேச்சு, "வலி வரட்டும், பாத்துக்கலாம்" என்பது. நான்கு பிள்ளை பெற்ற மாமியார் அதைச் சொல்லும்போது வீட்டில் எவரும் மறுத்துப் பேசுவதில்லை. அந்தப் பேச்சில் பாதி உண்மையும் இருக்கிறது. மாதம் நிறைந்த கர்ப்பங்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தில் வலிக்கு முன்பே குடம் உடைகிறது. அப்படி உடைந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாகவே வந்துவிடும். மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

குழந்தையையும் அதைச் சூழ்ந்த நீரையும் காக்கும் சவ்வு கிழிந்ததும், பிறப்புறுப்பில் இயல்பாகவே வாழும் கிருமிகள் கருப்பைக்குள் ஏற வழி கிடைக்கிறது. நேரம் செல்லச் செல்லத் தாய்க்குக் கருப்பைத் தொற்றும், குழந்தைக்கு நிமோனியாவும் இரத்தத் தொற்றும் வரும் வாய்ப்பு கூடுகிறது. 18 மணி நேரத்தைத் தாண்டினால் பிறக்கும் குழந்தையைத் தொற்று அபாயம் உள்ளதாகவே குழந்தை வைத்தியர்கள் கருதுகிறார்கள். 1996இல் 6 நாடுகளில் 5041 தாய்மாரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வொன்றில், ஒக்சிடோசின் ஏற்றி உடனே வலியை வரவழைத்தவர்களில் 4 சதவீதம் பேருக்குக் கருப்பைத் தொற்று வந்தது. காத்திருந்தவர்களில் அது 8.6 சதவீதம். உடனே வலியை வரவழைத்ததால் சத்திரசிகிச்சைப் பிரசவம் கூடவில்லை. அதே ஆய்வின் தகவல்களை வைத்து 2000இல் வெளியான கட்டுரை இன்னொன்றையும் காட்டியது: வைத்தியசாலையில் காத்திருந்தவர்களைவிட வீட்டில் காத்திருந்தவர்களின் குழந்தைகளுக்கே தொற்று அதிகம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தொலைபேசியில், "இங்கே 24 மணி நேரம் வீட்டிலேயே இருக்கச் சொல்வார்கள்" என்று சொல்லக்கூடும். பிரித்தானியாவில் மாதம் நிறைந்து, நீர் தெளிவாக இருந்து, வேறு சிக்கல் இல்லாத தாய்க்கு அப்படியொரு தெரிவு உண்டு. ஆனால் அது தாயையும் குழந்தையையும் பரிசோதித்த பிறகு, காய்ச்சலை நாலு மணிக்கொருமுறை அளக்கச் சொல்லிக் கொடுக்கப்படும் தெரிவு. மடுல்கலைக்கு மேலே ஒரு பிரிவில், மழையில், இரவு பஸ் நின்றபின், ஆட்டோ தேடி ஆள் அனுப்பும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பன்விலவிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்கும் நேரமும், அதற்கு முன் தோட்டத்துக் கல்ரோட்டில் கரையும் நேரமும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

செய்தி வந்ததும் கேட்க வேண்டியவை நான்கு: எத்தனை மணிக்கு உடைந்தது, நீரின் நிறமும் மணமும் என்ன, எத்தனையாவது வாரம், குழந்தை அசைகிறதா. மணியைக் கர்ப்பவதிப் பதிவேட்டில் அங்கேயே எழுதிவிட வேண்டும். வைத்தியசாலையில் முதலில் கேட்கப்படுவதும், லயத்திலிருந்து கிளம்பும் அவசரத்தில் எல்லாரும் மறந்துபோவதும் அதுதான்.

நிறத்தைக் கேட்டு அறிவதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. துவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியையோ பேடையோ வைத்திருக்கச் சொல்லி, அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். தெளிந்த நீரும் இளமஞ்சளும் லேசான இளஞ்சிவப்பும் இயல்பானவை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. அந்த நீர் நுரையீரலுக்குள் போனால் பிறந்ததும் மூச்சுத்திணறும். சிவந்த இரத்தம், துர்நாற்றம், 38 பாகை செல்சியஸ் காய்ச்சல், அசைவு குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் 1990க்கு அழைக்க ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

37 வாரத்துக்கு முன் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் அவசரம்தான். கருவின் நுரையீரல் முதிர ஸ்டெரொயிட் ஊசி போடவும், தொற்றைத் தடுக்கும் மருந்து தொடங்கவும், குறைமாதக் குழந்தையைப் பராமரிக்கும் பிரிவு உள்ள இடம் வேண்டும். பன்வில மக்களுக்கு அது கண்டி தேசிய வைத்தியசாலை அல்லது பேராதனை போதனா வைத்தியசாலை. மாதம் குறைவாக இருக்கும்போது இடையில் ஒரு சிறு வைத்தியசாலையில் தங்கிப் பிறகு மாற்றப்படுவதைவிட, நேரே அங்கு சேர ஏற்பாடு செய்வது மேல்.

அரிதாக, நீரோடு தொப்புள்கொடி வெளியே நழுவும். தலை இறங்காத குழந்தை, குறுக்கே கிடக்கும் குழந்தை, இரட்டையர் ஆகிய கர்ப்பங்களில் இதன் வாய்ப்பு கூடுதல். கொடியை உள்ளே தள்ளக்கூடாது, தொட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. தாய் முழங்காலும் நெஞ்சும் தரையில் படக் குனிந்து, இடுப்பு தலையைவிட உயர்ந்திருக்க வேண்டும். வண்டியில் ஏற்றியபின் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மடித்த சேலையை இடுப்புக்கடியில் வைத்து உயர்த்த வேண்டும். தலை கொடியை அழுத்தாமல் தாங்குவதே இதன் நோக்கம்.

செய்யக்கூடாததில் முக்கியமானது, விரல் விட்டுப் பார்ப்பது. கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அறியும் ஆவல் இயல்பு. ஆனால் குடம் உடைந்து வலி வராத நிலையில் ஒவ்வொரு விரல் பரிசோதனையும் கிருமியை மேலே கொண்டுபோகிறது. கைகளே பிரசவ ஜுரத்தைப் பரப்புகின்றன என்று 1847இல் வியன்னாவில் வைத்தியர் செம்மல்வைஸ் கண்டறிந்தது இன்றைக்கும் பொருந்தும். துணி திணிப்பது, உள்ளே கழுவுவது, உடலுறவு ஆகியவற்றையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்போது அது சிறுநீரா, குடத்து நீரா என்ற குழப்பம் வரும். சிறுநீர் கழித்துவிட்டு, புதுத் துணி வைத்து, அரை மணி படுத்து எழச் சொல்லலாம். எழுந்ததும் மறுபடி நனைந்து, சிறுநீர் வாடையும் இல்லையென்றால் குடத்து நீராக இருக்கலாம். நனையாவிட்டாலும் சந்தேகம் தீராதவரை வைத்தியசாலையே முடிவு சொல்ல வேண்டும்.

இவ்வளவும் அந்த இரவில் சொல்லிப் புரியவைக்க முடியாது. 36ஆவது வாரத்துக்குள் கணவனையும் மாமியாரையும் உட்காரவைத்துப் பேசி, யாருடைய ஆட்டோ, ரோடு அடைபட்டால் மாற்று வழி எது, மூத்த பிள்ளைகள் யாரிடம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். கொழுந்து மலையில் நிற்கும்போது உடைந்தால் யாரிடம் சொல்வது என்பதும் அதில் அடங்கும்.

சில தாய்மார் அவசரமாகப் போய், குடம் உடையவில்லை என்று மறுநாள் காலையில் திரும்பி வருவார்கள். ஆட்டோ காசு போயிருக்கும், லயத்தில் கேலியும் நடக்கும். அவர் செய்தது சரி என்று மருத்துவமாது அந்த வீட்டு வாசலிலேயே எல்லார் காதிலும் விழச் சொல்லி, மறுபடி நனைந்தாலும் இதேபோலக் கிளம்பச் சொல்ல வேண்டும்.